ஆயிரத்தெட்டும் ஒரு மங்கும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று உப்பு வைத்த இடம் இன்று தெரிவதில்லை. அதனால் முன்னது பின்னதாக வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையும் இருக்கும்.

நான் எழுதப்போவது ஓர் எண்ணைப் பற்றி. ஆயிரத்தொன்பது. இந்த எண்ணால் என் சின்னம்மாவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. ஏன் அப்படி ஆயிற்று என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் முழுதாகப் புரியவில்லை. புரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது மலாயாவின் ஜோகூரில், கெலாங் பாத்தா போகிற வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முன்னால். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்து வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா என்று நான்கு பேர். சின்னம்மா கல்யாணமான வருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். அதன் பிறகு எங்களோடுதான் இருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார், வருவார், சமைப்பார். தனக்கென்று ஒரு வீடு இல்லை. எங்கள் பக்கத்தில் மறுகல்யாணம் உண்டு, அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் கேட்டு வந்தவர்கள்தாம் இல்லை.

அந்த வருஷம், சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பெண் கேட்டார்கள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். அவருக்கு எல்லாமே அவருடைய அக்காள்தான். அந்த அம்மா பெண்ணை நேரில் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு மாற்றுவேன் என்று சொல்லி, ரயிலும் லாரியுமாக மாறி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் அவரைச் சாஆக்காரம்மா என்றோம். அவர் முகத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று ஒன்றும் சொல்ல முடியாது. வெற்றிலை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கவனிப்பார்.

அவர் வந்த சமயம் கோயிலில் வேண்டுதல் நிறைவேற்றும் நாளாக அமைந்துவிட்டது. அதற்குச் சில வாரம் முன்னால் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மை போட்டிருந்தது. எனக்கும்தான். பிள்ளைகள் பிழைத்து எழுந்தால் ஆயிரத்தெட்டு மங்கில் மஞ்சள் தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரையே பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றுகிறோம் என்று மாரியம்மனிடம் வேண்டியிருந்தார்கள். மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்க வைக்கும் கிண்ணம். குடத்துக்கு எங்கே போவது? மங்குதான் எங்களிடம் இருந்தது. ஸ்டோருக்குப் புதிதாக வந்திறங்கிய பீங்கான் மங்குகளை, பால் படுமுன் ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளத் தோட்டத்துக் கணக்கரான கிராணி ஐயா சம்மதித்திருந்தார்.

எங்கள் லயத்தில் இருபத்தெட்டு வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு நிரை, நிரைக்கு முப்பத்தாறு மங்கு என்று பூசாரி கணக்குச் சொன்னார். மரம் நட்டிருக்கும் வரிசையைத் தோட்டத்தில் நிரை என்றுதான் சொல்வோம். யார் வீட்டுக்கும் ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் வரவேண்டும். குறைந்தால் அந்த வீட்டில் ஆள் குறையும் என்பார் பூசாரி. முப்பத்தாறை இருபத்தெட்டால் பெருக்கினால் ஆயிரத்தெட்டு. பொருத்தமான எண் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி.

காலையில் பெண்கள் ஸ்டோருக்குப் போய்ப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். ஆயிரத்தெட்டு சரியாக இருந்தது. கூடையைத் தூக்கும் சமயத்தில், ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியின் மனைவி கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்கடி. ரெட்டப்படையாவா தூக்கிட்டுப் போவீங்க? நல்ல காரியத்துக்குப் போறது ஒத்தப்படையா இருக்கணும். மொய் எழுதுறவன்கூட ஒண்ணு சேத்துத்தான் எழுதுறான்."

"வேண்டுதல் ஆயிரத்தெட்டுதானே அக்கா," என்றார் அம்மா.

"வேண்டினது ஆயிரத்தெட்டு. குடுக்கிறது ஒண்ணு கூடத்தான் இருக்கணும். கறாரா எண்ணிக் குடுக்க ஆத்தா என்ன கடைக்காரியா?"

சொல்லிவிட்டு, எண்ணியதுபோக ஸ்டோர் மூலையில் மிஞ்சிக் கிடந்த ஒற்றை மங்கை எடுத்துச் சின்னம்மாவின் கையில் கொடுத்தார். "இந்தா, நீ கொண்டா. உன் காரியமும் நல்லபடியா முடியட்டும்" என்றார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

கோயில் திடலில், நடவுக்குக் கட்டுவது போலக் கயிறு கட்டி நிரை பிடித்தார்கள். மங்குகள் வெயிலில் பளபளவென்று இருந்தன. இருபத்தெட்டு நிரையும் முடிந்தபோது ஒரு மங்கு தனியாக நின்றது. எந்த வீட்டுக்கும் சேராமல், கயிற்றுக்கு வெளியே.

சாஆக்காரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் அம்மாவிடம் கேட்டார்.

"அது யாரு கையில வந்த மங்கு?"

அம்மா வாய் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற யாரோ சொல்லிவிட்டார்கள்.

"எந்த நெரையிலயும் சேரலையே," என்றார் சாஆக்காரம்மா. குரலை உயர்த்தவில்லை. "வீட்டுக்கு அடங்காம நிக்குது. நான் ஒண்ணும் சொல்லல. ஆத்தா சொல்றாளோ என்னமோ. என் தம்பி ஏற்கனவே ஒருத்திய மண்ணுல வச்சவன்."

சின்னம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் தலையைக் குனிந்திருந்தார், எனக்கு வகிடு மட்டும்தான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் கல்யாணம் கை நழுவிக்கொண்டிருந்தது என்பது எனக்கே தெரிந்தது.

பூசாரி சமாதானம் சொன்னார். "இது நெர புடிச்ச கோளாறும்மா. நாலு வீட்டை வேற வீட்டோட சேத்து இருபத்தி நாலு நெரையா வைப்போம். அடங்கிடும்."

எல்லாவற்றையும் நகர்த்தி, நிரைக்கு நாற்பத்திரண்டு வைத்தார்கள். நகர்த்துவதற்கு முன்னால் சாஆக்காரம்மா எழுந்து போய், மிஞ்சி நின்ற மங்கின் விளிம்பில் குங்குமம் தொட்டு வைத்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. இருபத்து நாலு நிரையும் முடிந்தது. மறுபடியும் ஒரு மங்கு மிச்சம்.

ஆனால் அதில் குங்குமம் இல்லை. குங்கும மங்கு எங்கேயோ நடுநிரையில் மற்றதோடு மற்றதாக உட்கார்ந்திருந்தது. நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். சாஆக்காரம்மா வந்து அதைப் பார்த்தார், வெளியே நின்றதையும் பார்த்தார்.

"இது வேறயா?"

"வேறதாங்கம்மா," என்றேன். அன்று நான் பேசிய ஒரே பேச்சு அது.

"அப்ப இது யாரு கையில வந்தது?" என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? எல்லா மங்கும் ஒரே மாதிரி. கங்காணியம்மாவின் கூடையிலிருந்துகூட வந்திருக்கலாம். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோயிலையும் ஒரு வீடாகச் சேர்த்து இருபத்தொன்பது நிரை வைக்கலாம் என்று கங்காணியம்மாவே சொன்னார். வைத்தார்கள். இந்தத் தடவை ஒன்று அல்ல, இருபத்து மூன்று மிஞ்சியது. பெண்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி அவளை முழங்கையால் இடித்தாள்.

கூட்டத்தைப் பார்த்துக் கிராணி ஐயா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கற்பூரப் பொட்டலம் சுற்றி வந்த தாளில் வகுக்க ஆரம்பித்தார்.

"மூணால போகாது, ஒம்பதாலயும் போகாது. எலக்கத்தக் கூட்டினா பத்து வருது பாருங்க," என்றார். "ஏழால... ஒண்ணு மிச்சம். பதினொண்ணால எட்டு. பதிமூணாலயும் எட்டு. இது என்ன கூத்து? பதினேழால ஆறு."

"பத்தொம்பது வச்சுப் பாருங்க ஐயா," என்றார் பூசாரி.

"ரெண்டு மிச்சம்."

இந்த மிச்சங்களை நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. இப்போது தாளில் வகுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அன்று அவர் சொன்ன வரிசை முன்பின்னாக இருக்கலாம். ஆனால் அவர் ஒவ்வொரு தடவையும் புருவத்தைச் சுருக்கியது நினைவிருக்கிறது.

"ஆயிரத்தெட்டுன்னா ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது எல்லாத்துலயும் போகும். தங்கமான நம்பர்," என்றார் கிராணி ஐயா. "ஒண்ணு சேத்ததும் எதுக்கும் மசிய மாட்டேங்குது. இவ்வளவு பெரிய நம்பர் எதிலயாவது போயே ஆகணும். எண்ணிக்கையில எங்கயோ தப்பு இருக்கு. திரும்ப எண்ணுங்க."

திரும்ப எண்ணினார்கள். ஆயிரத்தொன்பதுதான். தப்பில்லை.

"அப்ப ஒண்ண எடுத்துடலாமே," என்றார் அம்மா. அவருக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

"எப்பிடி எடுக்கிறது? ஆத்தா பேரச் சொல்லித் தரையில வச்சாச்சு," என்றார் பூசாரி. "குடுத்தத புடுங்கினா மாதிரி ஆகும். பிள்ளைங்க இப்பத்தான் எந்திரிச்சிருக்கு. யாரு எடுக்கிறீங்க, முன்னால வாங்க."

யாரும் முன்னால் வரவில்லை.

"வீட்டுக்கு ஒண்ணு கூட்டி முப்பத்தேழா வச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது ஆயிரத்து முப்பத்தாறு ஆகும்," என்றார் கிராணி ஐயா. "ஸ்டோர்ல வேற மங்கு இல்ல. மிச்சமெல்லாம் நேத்தே மரத்துக்குப் போயிடுச்சு."

"இருந்தாலும்தான் என்ன?" என்றார் கங்காணியம்மா. "ஆயிரத்து முப்பத்தாறுன்னு எந்த ஊரு சாமிக்கு வேண்டுதல் இருக்கு?"

வெயில் ஏறிக்கொண்டே வந்தது. உச்சிப் பொழுதுக்குள் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அம்மை வந்து எழுந்த பிள்ளைகள் நாங்கள், வேப்பிலைக் கொத்தைப் பிடித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தலை சுற்றியது. பசியாலா எண்ணாலா தெரியாது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, சின்ன எண் பிரிக்கக் கஷ்டம், பெரிய எண்ணில் எல்லாம் அடங்கும் என்பது போலத்தான் எனக்குப் பதிந்திருந்தது. ஐந்து பேருக்கு ஏழு மாம்பழம் என்றால்தான் சண்டை வரும். ஆயிரத்துக்கு மேல் இருக்கிறதை எப்படியாவது சமமாக வைக்க முடியாதா? அப்படி ஓர் எண் இருக்கலாமா? இருந்தால், அது சின்னம்மாவின் விஷயத்திலா வந்து வாய்க்க வேண்டும்?

சாஆக்காரம்மா இதற்குள் திடலின் ஓரத்தில் உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த ரப்பர் கொட்டைகளைக் கையால் கூட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டார். அவற்றை ஐந்து ஐந்தாக, ஆறு ஆறாக அடுக்கிப் பார்த்தார். என்ன பார்த்தாரோ எனக்குத் தெரியாது. அவரும் பால்வெட்டுக்காரர்தான், பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் கொட்டைகளைத் தள்ளிவிட்டு எழுந்தார். எரிச்சலாக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"நெர புடிச்சா மிச்சம் வருது. எப்பிடிப் புடிச்சாலும் வருது. ஒருவாட்டி ஒண்ணு, ஒருவாட்டி இருவத்தி மூணு. ஒண்ணு மிஞ்சினா இந்தப் பொண்ணு மேல பழி. இருவத்தி மூணு மிஞ்சினா யாரு மேல? இங்க நிக்கிற இருவத்தி மூணு பேரையும் ஒதுக்கி வைக்கவா?"

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பேசாம எல்லாத்தையும் ஒரே நெரையா வச்சுட்டுப் போங்க. அப்பவும் மிச்சம் வருமான்னு பாப்போம்."

குத்தலாகத்தான் சொன்னார். கிராணி ஐயா கூடச் சிரித்துவிட்டார். ஆனால் சின்னம்மா சிரிக்கவில்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், குனிந்து ஒரு மங்கை எடுத்தார். சன்னிதி வாசலில் வைத்தார். ஒரு சாண் தள்ளி இன்னொன்றை வைத்தார். மூன்றாவதை வைக்கும்போது அம்மாவும் கூடப் போய்ச் சேர்ந்துகொண்டார்.

"திடலுக்கு வெளிய போயிடுமே," என்றார் பூசாரி.

"தேர் போற பாதையில வைக்கிறோம் சாமி," என்றார் சின்னம்மா. "அதுவும் அவ நடக்கிற எடம்தானே."

பூசாரி தலையை ஆட்டினார். பிறகு எல்லாப் பெண்களும் கை வைத்தார்கள். நிரை கோயில் வாசலில் தொடங்கி, திடலைத் தாண்டி, மேல் லயத்து வீடுகளின் முன்னால் போய், கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையைச் சுற்றித் திரும்பிக் கீழ் லயத்துக்கு வந்தது. இத்தனை நீளம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாய்களைப் பிடித்துக் கட்டினார்கள். கோழிகளைக் கூடையால் கவிழ்த்தார்கள். கடைசி மங்கு தண்ணீர்க் குழாய்க்குக் கொஞ்சம் முன்னால், ஒன்றுமில்லாத ஒரு புல் தரையில் முடிந்தது. மிச்சம் இல்லை.

சாஆக்காரம்மா நிரையின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடந்து வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "யாரு வீட்டு நெர இது?" என்று பூசாரியைக் கேட்டார்.

"என்னத்தச் சொல்றது? வீட்டுக் கணக்கு போயிடுச்சு. எல்லாருக்கும் சேத்துத்தான்."

"அப்ப இவளுக்கும் சேத்துத்தானே," என்றார் சாஆக்காரம்மா. மஞ்சள் தண்ணீர்ச் செம்பை எடுத்துச் சின்னம்மாவிடம் கொடுத்தார். "நின்னுக்கிட்டிருந்தா எப்பிடி? உச்சியாகப் போகுது. முதல் மங்குல நீ ஊத்து, நான் பின்னால வர்றேன்."

தண்ணீர் ஊற்றி முடித்து, அதை எடுத்து எங்கள் தலையில் ஊற்றியபோது மஞ்சளும் வேப்பிலையும் வாயெல்லாம் கசந்தது. அன்று சாயங்காலமே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அடுத்த முகூர்த்தத்தில் சின்னம்மா சாஆ பக்கம் போனார். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. நல்லபடியாகவே வாழ்ந்தார். நாத்தனாரோடு அவ்வப்போது சண்டையும் உண்டு.

எனக்குக் குழப்பம் என்னவென்றால், சாஆக்காரம்மா எதற்காகச் சம்மதித்தார்? மிச்சம் வரவில்லை என்பதற்காகவா, குங்கும மங்கு இடம் மாறியதற்காகவா, அல்லது குத்தலாகச் சொன்னதைச் சின்னம்மா நிஜமாகவே செய்துவிட்டார் என்பதற்காகவா? சின்னம்மாவையே பிற்பாடு கேட்டிருக்கிறேன். "அவங்களுக்கு கால் வலிச்சிருக்கும், முடிச்சா போதும்னு ஆயிருக்கும்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

எண்ணைப் பற்றி யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து, இப்போது நான் இருக்கும் தம்போயில், பக்கத்து வீட்டில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர் குடிவந்தார். நல்ல பெண். ஒரு நாள் துணி காயப்போடும்போது வேலி வழியாகக் கேட்டேன், எதாலும் வகுபடாத பெரிய எண் உண்டா என்று. "உண்டு பாட்டி, அதுக்குப் பகா எண்ணுன்னு பேரு. ஒண்ணாலயும் அதே எண்ணாலயும்தான் வகுபடும்" என்றார். ஒரே நிரையாக வைத்தால் அடங்கியது அதனால்தானாம். சரி, பெயர் தெரிந்தது. ஆனால் ஆயிரத்தெட்டு அத்தனை சாதுவாக இருந்துவிட்டு, ஒன்று கூட்டியதும் ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். அவர் சிரித்து, அது அப்படித்தான் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். இரண்டு நாள் கழித்து அவரே வேலியருகே கூப்பிட்டு, இதை இரண்டு சதுரமாக வைத்திருந்தால் அடங்கியிருக்கும் என்றார். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு ஒரு சதுரம், பதினைந்துக்குப் பதினைந்து இன்னொரு சதுரம், இரண்டும் சேர்ந்தால் ஆயிரத்தொன்பதாம். தாளில் கூட்டிப் பார்த்தேன், வருகிறது. அடங்காத எண் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு இப்படி அடக்கிக் காட்டினால் நான் எதை நம்புவது? கேட்க வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். முப்பத்தொன்று வரைக்கும் வகுத்துப் பார்த்தால் போதும், அதற்கு மேல் பார்க்க வேண்டாம் என்றார். ஏன் முப்பத்தொன்றோடு நிறுத்த வேண்டும்? முப்பத்திரண்டிலிருந்து எத்தனையோ எண் இருக்கிறதே, அதில் ஒன்று அடங்கிவிட்டால்? எனக்கு அது மட்டும் பிடிபடவில்லை. நான் இருபத்து மூன்று வரை வகுத்துப் பார்த்தேன், இருபது மிஞ்சியது. அதற்கு மேல் கண் ஒத்துழைக்கவில்லை. படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் தயவுசெய்து மீதியையும் வகுத்துப் பாருங்கள், நான் போட்டதில் தப்பிருந்தால் திருத்துங்கள். எங்கள் லயத்தில் இருபத்தெட்டு வீடுதானா என்பதையும், அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் யாராவது மிச்சமிருந்தால் அவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.